நல்ல விளைச்சல் வந்தாலும் செனகலின் தானிய இறக்குமதி ஏன் குறைவதில்லை?

கேள்வி இதுதான்: “செனகலில் மழை நன்றாகப் பெய்து தானிய விளைச்சல் 34 லட்சம் டன்னைத் தொட்டுவிட்டால், அடுத்த ஆண்டு குருணையும் கோதுமையும் குறைவாகத்தானே வாங்குவார்கள்? இறக்குமதித் தேவையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?”

குறையும், ஆனால் கப்பல்காரர்கள் கவனிக்கும் அளவுக்கு அல்ல. மழை பெய்தால் நிறைவது கம்பும் சோளமும் விளைகிற ஊர்களின் குதிர். தலைநகர் டாக்காரின் துறைமுகத்தில் வந்து இறங்குவதோ அரிசியும் கோதுமையும். தானியமும் வேறு, அதை நம்பியிருக்கும் வயிறும் வேறு. இந்த இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டு “மொத்தத் தானியம்” என்று பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

முதலில் அதிகாரபூர்வக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். சகாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ள சாகேல் நாடுகளின் வறட்சித் தடுப்புக் கூட்டமைப்பான சில்ஸ், ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் தானிய இருப்புநிலைக் கணக்கு ஒன்றைத் தயாரிக்கிறது. கணக்காண்டு நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும், ஏனென்றால் மானாவாரி அறுவடை செப்டம்பர், அக்டோபரில்தான் வருகிறது. விளைச்சல் அளவை வேளாண் அமைச்சகத்தின் புள்ளிவிவரப் பிரிவு தருகிறது. நம்மூரில் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒரு சிறு சதுரத்தை அறுத்து எடை போடுவார்களே, அதே முறைதான். அந்த விளைச்சலில் இருந்து விதைக்கும், கால்நடைக்கும், சேதாரத்துக்கும் ஒரு பங்கைக் கழிப்பார்கள். கம்பு, சோளம், மக்காச்சோளத்துக்கு 15 சதவீதம். நெல்லுக்கு 45 சதவீதம், ஏனென்றால் அரவையில் போகும் உமியும் தவிடும் இதில் அடக்கம். மீதியோடு பழைய இருப்பைக் கூட்டி, மக்கள்தொகையைத் தலா நுகர்வால் பெருக்கி வரும் தேவையோடு ஒப்பிடுவார்கள். செனகலுக்குப் பல காலமாக எடுக்கப்பட்டு வரும் தலா அளவு ஆண்டுக்கு 185 கிலோ.

ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். எண்கள் முழு எண்ணாக்கப்பட்டவை. நல்ல மழை ஆண்டு ஒன்றின் அளவுக்கு அருகில் இருக்கும். கம்பு 10 லட்சம் டன், சோளம் 3 லட்சம், மக்காச்சோளம் 7 லட்சம், நெல் 14 லட்சம். மொத்தம் 34 லட்சம். முதல் மூன்றும் சேர்ந்த 20 லட்சத்தில் 15 சதவீதம் போனால் 17 லட்சம். நெல் 14 லட்சத்தில் 55 சதவீதம்தான் நிற்கும், அதாவது 7.7 லட்சம் டன் அரிசி. ஆக உண்ணக் கிடைப்பது 24.7 லட்சம். மக்கள்தொகை 1.8 கோடி (2023 கணக்கெடுப்பில் இதற்குச் சற்று மேல்), தலைக்கு 185 கிலோ என்றால் தேவை 33.3 லட்சம் டன். பற்றாக்குறை ஏறக்குறைய 8.6 லட்சம்.

ஆனால் செனகல் உண்மையில் இறக்குமதி செய்வது ஆண்டுக்கு 20 லட்சம் டன் அளவில். 8.6 எங்கே, 20 எங்கே?

இந்த இடைவெளியைத் தானியம் தானியமாகப் பிரித்தால்தான் விடை கிடைக்கும். அரிசியிலிருந்து தொடங்கலாம். செனகல்காரர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக நூறு கிலோவை ஒட்டிய அரிசி சாப்பிடுகிறார். 1.8 கோடிப் பேருக்கு 18 லட்சம் டன். உள்நாட்டில் 7.7 லட்சம் கிடைத்தாலும் பத்து லட்சம் டன் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். கோதுமை அங்கே வணிக அளவில் விளைவதே இல்லை. மாவு ஆலைகள் ஆண்டுக்கு 7, 8 லட்சம் டன் வாங்குகின்றன. அதோடு கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் சில லட்சம் டன். இந்த மூன்றையும் கூட்டினாலே 20 லட்சம் தாண்டிவிடுகிறது. கம்பு எவ்வளவு விளைந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு மூட்டைகூடக் குறையாது.

கூர்ந்து பார்ப்பவர் ஒன்றைக் கவனித்திருப்பார். அரிசி 100, கோதுமை 40, கம்பு 47, சோளம் 14, இதற்கு மேல் கொஞ்சம் மக்காச்சோளம் என்று கூட்டினால் தலைக்கு 200 கிலோவைத் தாண்டிவிடுகிறது. 185 என்ற அளவு பழையது என்பது ஒரு காரணம். விளைச்சல் மதிப்பீடுகள், குறிப்பாக நெல்லில், தாராளமாக இருக்கின்றன என்பது இன்னொன்று. அண்டை நாடுகளுக்கு எல்லை தாண்டிப் போகும் மூட்டைகளும் இதில் ஒளிந்திருக்கின்றன. என் பார்வையில் இரண்டாவது காரணம்தான் பெரியது: அறிக்கையில் உள்ள நெல் முழுவதும் சந்தைக்கு வந்திருந்தால், பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்திறங்கும் குருணை அவ்வளவு சுலபமாக விற்றுத் தீராது.

இனி அந்தக் குருணை. நம்மூரில் குருணை என்றால் கஞ்சிக்கு, கோழிக்கு, மாவுக்கு. முழு அரிசியைவிட மலிவு. செனகலில் தலைகீழ். அவர்களுடைய தேசிய உணவான செபு ஜென் (மீனும் காய்கறியும் போட்ட சோறு, 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது) குருணையில்தான் சமைக்கப்படுகிறது. மீன் வெந்த குழம்பில், எண்ணெயும் தக்காளியும் சேர்ந்த சாற்றில், உடைந்த மணி நன்றாக ஊறும்; உதிரியாகவும் நிற்கும். முழு அரிசியை மலிவாகக் கொடுத்தாலும் பல வீடுகளில் வாங்க மாட்டார்கள். இந்த ருசி தானாக வந்ததல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் செனகலை நிலக்கடலைக்கு ஒதுக்கினார்கள். கம்பு விளைந்த நிலத்தில் கடலை போட்டவர்களுக்குச் சோற்றுக்கு, அதே ஆட்சியின் கீழிருந்த இந்தோசீனாவின் சைகோன் ஆலைகளில் மிஞ்சிய குருணையைக் கப்பலில் கொண்டுவந்து மலிவாக விற்றார்கள். மூன்று நான்கு தலைமுறையில் மலிவுச் சரக்கு ருசியாகிவிட்டது. (புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த ‘கினே’ துணி 19-ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றுக் கரையில் கோந்து வாங்கப் பணம்போலப் புழங்கியது. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு குடியேற்றத்தின் சரக்கை இன்னொன்றில் தள்ளுவது கைவந்த கலை.)

ருசி இப்படி அமைந்துவிட்டதால் வாங்கும் இடமும் குறுகுகிறது. குருணையைப் பெருமளவில் விற்கக்கூடிய நாடுகள் சிலவே: இந்தியா, தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான். மணமில்லாத மலிவுக் குருணைக்கு இந்தியாதான் முதன்மை. ஆந்திராவின் காக்கிநாடாவிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகிறது. 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியை முழுவதுமாகத் தடை செய்தது. எத்தனால் ஆலைகளும் கோழித் தீவனக்காரர்களும் உள்நாட்டுக் குருணைக்குப் போட்டி போட்டதும், அந்தக் காரிஃப் பருவத்தில் நடவு குறைந்ததும் காரணம். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை வந்தது. அரசுக்கு அரசு என்ற முறையில் செனகலுக்குக் குருணை ஒதுக்கீடு தரப்பட்டது. ஆனாலும் தனியார் இறக்குமதியாளர்கள் தாய்லாந்துக்கும் பாகிஸ்தானுக்கும் ஓட வேண்டியிருந்தது. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பரிலும் குருணைத் தடை 2025 மார்ச்சிலும் நீங்கின. இந்த இரண்டரை ஆண்டில் செனகல் வாங்கிய அரிசியின் அளவு தடாலென்று விழுந்துவிடவில்லை. மாறியது விலையும் வாங்கிய இடமும்தான். 2024 ஜூனில் புதிய அரசு மணமில்லாத குருணையின் விலையைக் கிலோ 450 பிராங்கிலிருந்து 410-க்கு இறக்கி அறிவிக்க நேர்ந்ததும் இந்த நெருக்கடியின் தொடர்ச்சிதான்.

விலையைப் பற்றிப் பேசும்போது நாணயத்தை விட்டுவிடக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்க சிஎஃப்ஏ பிராங்க் யூரோவோடு கட்டப்பட்டது: ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க், அசையாது. அரிசி, கோதுமை இரண்டின் கொள்முதலும் டாலரில். ஆகவே பாங்காக்கிலோ காக்கிநாடாவிலோ விலை நகராவிட்டாலும், டாலருக்கு எதிராக யூரோ சரிந்தால் டாக்காரில் மூட்டை விலை ஏறும். 1994 ஜனவரியில் பிராங்கின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தபோது இறக்குமதி அரிசியின் அடக்கவிலை ஒரே இரவில் இரட்டிப்பானது. அதுவரை அரிசி இறக்குமதி அரசின் விலைச் சமன் நிதியம் ஒன்றின் கையில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அது தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இன்றும் பெரும் பங்கை விரல்விட்டு எண்ணக்கூடிய சில வணிகர்களே கொண்டுவருகிறார்கள். ஒரு கப்பல் குருணைக்கு ஒன்று, இரண்டு கோடி டாலர் வரை வங்கியில் கடனுறுதிக் கடிதம் திறக்க எல்லோராலும் முடியாது.

துறைமுகத்தில் என்ன கோளாறு நடக்கும் என்பதும் தேவைக் கணக்கில் சேர்த்தி. கோதுமை மொத்தமாகக் கொட்டிவரும். உறிஞ்சிக் குழாயோ அள்ளுவாளியோ வைத்து நேராக ஆலைக் குதிருக்கு ஏற்றலாம். அரிசி பெரும்பாலும் மூட்டையில் வரும், ஆட்களும் கிரேனுமாக இறக்க வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை. தூறல் விழுந்தால் கப்பலின் கிடங்கு மூடியைச் சாத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நாளுக்கு இவ்வளவு என்று கப்பல் காத்திருப்புக் கட்டணம் ஏறும், அது கடைசியில் கிலோ விலையில்தான் விழும். அதே மாதங்கள்தான் கிராமங்களில் குதிர் காலியாகி எல்லோரும் கடையில் வாங்கும் மாதங்களும். அனுபவமுள்ள இறக்குமதியாளர் மே, ஜூனுக்குள்ளேயே சரக்கைக் கரை சேர்த்துவிடப் பார்ப்பார். காக்கிநாடாவிலிருந்து டாக்கார் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கடல் பயணம். பேரமும் ஏற்றுமதியும் சேர்த்து ஆர்டர் பிப்ரவரி, மார்ச்சில் போயிருக்க வேண்டும். அதாவது அந்த ஆண்டின் மழை எப்படி இருக்கும் என்று தெரியுமுன்பே அரிசி வாங்கப்பட்டுவிடுகிறது.

“அப்படியானால் உள்நாட்டிலேயே நெல்லைப் பெருக்கிவிடலாமே” என்று தோன்றும். முயற்சிக்குக் குறைவில்லை. செனகல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாசனத்தைக் கவனிக்கும் அரசு நிறுவனம் சாயெட் 1965-ல் தொடங்கியது. ஆற்று முகத்தில் கடல் உப்பு ஏறாமல் தடுக்கும் தியாமா அணை 1986-லும், மாலியில் மேல்நீரைத் தேக்கும் மனாந்தாலி 1988-லும் முடிந்தன. இந்த இரண்டும் வந்த பிறகுதான் ஆண்டில் இரண்டு போகம் என்ற பேச்சே எழுந்தது. 1994-ல் வெளியான சாகேல் 108 என்ற குறுகிய கால ரகம் அதைச் சாத்தியமாக்கியது. நல்ல வயலில் எக்டேருக்கு 6 டன் நெல் சர்வ சாதாரணம். இந்தியச் சராசரியைவிட மேல். 2017-க்குள் 16 லட்சம் டன் நெல், அரிசியில் தன்னிறைவு என்று இலக்கு வைத்தார்கள். 2017 வந்தது, போனது.

எங்கே தடுக்கிறது? பிழை வயலில் அதிகமில்லை, நாட்காட்டியில்தான். கோடைப் போகத்தை பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் விதைத்தால் ஜூன், ஜூலையில் அறுக்கலாம். அடுத்த மழைப் போகத்தை ஆகஸ்ட் நடுவுக்குள் விதைத்துவிட வேண்டும். தள்ளிப்போனால் பூக்கும் நேரம் நவம்பர்க் குளிரில் மாட்டி மணி பிடிக்காது, பதர்தான். இடையில் இருப்பது நான்கைந்து வாரம். அதற்குள் அறுவடை இயந்திரம் கிடைக்க வேண்டும், அதற்குப் பெரிய வரிசை. நெல்லை விற்க வேண்டும். விற்ற பணத்தில் வேளாண் வங்கியில் முதல் போகக் கடனை அடைத்தால்தான் அடுத்த போகக் கடன். பிறகு டீசலுக்கும், எக்டேருக்கு நூறு கிலோ டிஏபி, முந்நூறு கிலோ வரை யூரியாவுக்கும் ஏற்பாடு. ஆலைக்காரர் கையில் பணமில்லாமல் நெல் 80 கிலோ மூட்டையாகக் களத்தில் அடுக்கிக் கிடந்தால் கடன் அடையாது. கடன் அடையாவிட்டால் இரண்டாம் போகம் இல்லை. ஒரே வயலில் இரண்டு போகமும் எடுப்பவர்கள் சிறு பங்குதான். இதற்கு மேல் தினைக்குருவிக் கூட்டம். லட்சக்கணக்கில் இறங்கும் அந்தச் சிவப்பு மூக்குக் குருவிகள், பக்கத்து வயலெல்லாம் அறுத்து முடிந்து பிந்திய வயல் மட்டும் பச்சையாக நின்றால், மொத்தமாக அங்கே வந்துவிடும்.

அடுத்தது விலைக் கணக்கு. நெல்லுக்குப் பல ஆண்டுகளாக நிர்ணயித்திருந்த விலை கிலோ 130 பிராங்க். நூறு கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி வந்தால் நெல்லின் அடக்கம் மட்டுமே அரிசிக் கிலோவுக்கு 200. அரவைக்கூலி, சாக்கு, வங்கி வட்டி, ஆற்றுப் பள்ளத்தாக்கின் ரிஷார் தோலிலிருந்து டாக்காருக்கு 370 கிலோமீட்டர் லாரி வாடகை, இடையில் இருவரின் லாபம் எல்லாம் இதற்கு மேல். உலகச் சந்தையில் குருணை மலிவாக இருக்கும் ஆண்டுகளில் துறைமுகத்துச் சரக்கு இதற்குப் பக்கத்திலேயே நிற்கும். அரிசிக்கு எக்கோவாஸ் (மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) பொதுச் சுங்கம் வெறும் 10 சதவீதம். அதை உயர்த்தினால் டாக்கார் வீதியில் கலவரம், உயர்த்தாவிட்டால் பள்ளத்தாக்கில் தேக்கம். எந்த அரசும் நகரத்தின் பக்கமே சாயும். வெங்காயத்தில் மட்டும் உள்ளூர் அறுவடைக் காலத்தில் இறக்குமதியை நிறுத்திவைத்து வெற்றி கண்டிருக்கிறார்கள். அதை அரிசிக்குக் காட்டி “இங்கேயும் செய்யலாம்” என்பவர்கள், வெங்காயம் அந்த மாதங்களில் நாட்டுக்குப் போதிய அளவு விளைகிறது, அரிசி விளையவில்லை என்பதை மறக்கிறார்கள்.

தரமும் ஒரு சிக்கல். ஊர் மூலையில் இருக்கும் சிறு அரவை இயந்திரத்தில் வருவது முழு மணியும் நொய்யும் தவிடும், சமயத்தில் கல்லும் கலந்த அரிசி. ஒரே அளவுக் குருணைக்குப் பழகிய டாக்கார் வீட்டில் அது ஒரு பக்கம் குழையும், ஒரு பக்கம் வேகாது. சலித்துப் பிரிக்கும், கல் நீக்கும் இயந்திரங்கள் உள்ள ஆலைகள் வந்த பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது. தெற்கே காசமான்ஸில் விளையும் நெல் பெரும்பாலும் விளைவித்த வீட்டிலேயே முடிந்துவிடும். புள்ளிவிவரத்தில் அது டன், சந்தையில் அது பூஜ்யம்.

கோதுமைக்கு மாற்றாகக் கம்பு மாவைக் கலந்து ரொட்டி சுடும் யோசனை பல முறை வந்து போயிருக்கிறது. கம்பு மாவு வைத்துப் பழகியவர்களுக்குக் காரணம் உடனே புரியும்: அரைத்த சில நாளில் எண்ணெய் காறிக் கசக்கத் தொடங்கும். பசைத்தன்மையும் இல்லாததால் 10, 15 சதவீதத்துக்கு மேல் போனால் ரொட்டி எழும்பாது. அதைவிட, விலை நிலையாக இருப்பதில்லை. நல்ல ஆண்டில் கட்டுப்படியாகும் கலவை, மோசமான ஆண்டில் கோதுமையைவிடச் செலவு. ரொட்டிச் சுடுநர் ஆண்டுக்கு ஆண்டு பக்குவத்தை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார். கம்பு அதன் பிறப்பிடமான சாகேலில் செரே என்ற ஆவியில் வெந்த குருணையாகவும் தயிரோடு சேர்ந்த கூழாகவும் வாழ்கிறது, பெரும்பாலும் இரவு உணவாக.

மக்காச்சோள இறக்குமதி வேறு கதை. பறவைக்காய்ச்சலைக் காரணம் காட்டி 2005-ல் செனகல் உறைந்த கோழி இறக்குமதியைத் தடுத்தது. உள்ளூர்க் கோழிப் பண்ணைகள் பெருகின. தட்டில் கோழி உள்நாட்டுடையது. அதன் வயிற்றில் போவது அர்ஜென்டினா, பிரேசில் மக்காச்சோளம். ஒரு இறக்குமதி இன்னொன்றாக மாறியது. இதையும் “உணவுப் பற்றாக்குறை” என்ற தலைப்பில் எழுதுவது சரியல்ல.

அப்படியானால் வறட்சிக்கு இறக்குமதியில் பங்கே இல்லையா? உண்டு, வேறு இடத்தில். 2014-ல் மழை பொய்த்தபோது ஆப்பிரிக்க இடர் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து செனகலுக்கு 1.65 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உணவும் மாட்டுக்குத் தீவனமும் தர அது பயன்பட்டது. அங்கே குறைந்தது துறைமுகத்துச் சரக்கல்ல, கையில் காசு. கம்பும் கடலையும் காய்ந்துபோன குடும்பம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான பஞ்ச மாதங்களில் கடையில் குருணை வாங்கித் தின்ன வேண்டும், ஆனால் விற்றுக் காசாக்கக் கையில் எதுவும் இருக்காது. இதனால்தான் மார்ச்சில் வெளியாகும் ‘காத்ர் ஆர்மோனிசே’ என்ற பசி மதிப்பீட்டையும் தானிய இருப்புநிலைக் கணக்கையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் படிக்கக் கூடாது. நாட்டளவில் தானியம் தாராளமாக இருக்கும்போதே வடகிழக்கில் மாத்தாம் பகுதியில் ஏராளமானோர் நெருக்கடியில் இருக்கலாம்.

கிழக்கே இன்னொரு வழி உண்டு. மாலியிலிருந்து கம்பு, சோளம், மக்காச்சோளம் லாரியில் வரும். கோல்டா பகுதியின் ஜாவுபே வாரச்சந்தை இந்த வியாபாரத்துக்குப் பேர் போனது. 2021 டிசம்பரில் மாலி இந்தத் தானியங்களின் ஏற்றுமதியைத் தடுத்தது. அடுத்த மாதமே எக்கோவாஸ் தடைகள் வந்து எல்லை இறுகியது. அந்த ஆண்டு கிழக்கு எல்லையை ஒட்டிய தம்பகுண்டா பக்கம் கம்பு விலை ஏறியதை டாக்கார் துறைமுகப் பதிவுகளில் தேடினால் கிடைக்காது.

ஆகவே அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று கணிக்க வேண்டுமென்றால், அக்டோபரில் வரும் முதற்கட்ட விளைச்சல் அறிக்கையை ஓரமாக வைத்துவிடுங்கள். அறுவடை முடியுமுன் எடுத்த எண் அது, அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் திருத்தப்படும். அரிசிக்கு, டாக்கார் இறக்குமதியாளர் கிடங்கில் எத்தனை மாதச் சரக்கு இருக்கிறது, காக்கிநாடாவுக்கும் பாங்காக்குக்கும் விலை இடைவெளி எவ்வளவு, புது தில்லி என்ன அறிவிப்பு வெளியிடுகிறது, டாலருக்கு யூரோ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பள்ளத்தாக்கிலிருந்து ஒரே ஒரு தகவல் போதும்: ஜூலைக் கடைசிக்குள் கோடைப் போகக் கடனில் எவ்வளவு திரும்பியது. கோதுமைக்கு, மாவு விலையை அரசு எங்கே நிறுத்தியிருக்கிறது என்பதும் கருங்கடல் விலையும். மக்கள்தொகை ஆண்டுக்கு ஐந்து லட்சம் போலக் கூடுகிறது. மற்ற எதுவும் மாறாவிட்டாலும் 185 கிலோ அளவிலேயே 90,000 டன் தானியம் கூடுதலாகத் தேவைப்படும். நீங்கள் கேட்ட அந்த 34 லட்சம் டன் விளைச்சல் வந்தால், செரே விற்கும் பெண்களுக்குக் கம்பு மலிவாகக் கிடைக்கும், காவொலாக் சந்தையில் சோளம் விலை இறங்கும். குருணைக் கப்பல் வழக்கம்போலவே வரும்.